பெட்டிக் காசுக்கு ஒரு பேரேடு

பாறசாலைக்கு அண்மையில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உறவாடும் சிற்றூர் ஒன்றில் எங்கள் ஆச்சியின் வீடு இருந்தது. ஆச்சி 1981-ஆம் ஆண்டில் காலமானார். பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும், அவர் எந்நாளும் இடுப்பில் முடிந்து வைத்திருந்த சாவியை எடுத்து, பிள்ளைகள் நால்வரும் கூடியிருக்க, அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு துணிப்பை; பை நிறையப் பழங்காசுகள்; அவற்றோடு, 1966-இல் மறைந்த பாட்டா தம் கைப்பட எழுதி வைத்த துண்டுத்தாள் ஒன்று. அதில் இருந்தது ஒரே வரி: "ஆகக் காசு 63."

எண்ணிப் பார்த்தார்கள். அறுபத்து மூன்று காசும் இருந்தன. ஆயினும் நால்வரும் சிறு வயதில் கண்ணாரக் கண்டு, உள்ளங்கையில் வைத்து மகிழ்ந்த அனந்தராயன் பணம் என்னும் சின்னஞ்சிறு பொற்காசு மட்டும் அங்கே இல்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தது, பொருள் இல்லை. யாரோ ஒருவர் எடுத்துவிட்டு வேறொன்றை இட்டுக் கணக்கை ஒப்பேற்றியிருக்கிறார் என்ற ஐயம் அன்று பிறந்தது. வாய்விட்டு ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் என் தந்தையும் பெரியப்பாவும் அதன் பின்னர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டதை நான் காணவில்லை. அரைக் கிராம் எடைகூட இல்லாத ஒரு காசு ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டது.

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டுப் பிரிந்து, மும்பையிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய பெட்டி ஒன்று உண்டு. பெரும்பாலும் ஊரிலிருக்கும் முதியவர் பொறுப்பில் அது இருக்கும். அதிலுள்ள காசுகளை எம்முறையில் பதிந்து வைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். சேகரிப்பில் நாட்டமுடையவர்களுக்கு மட்டுமே உரிய செய்தி இது என்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டா.

எல்லைப்புறத்துக் காசுகள்

நெய்யாற்றின்கரை வட்டத்துப் பெட்டிகளில் கிடைக்கும் காசுகள் ஒருவகைப்பட்டவை அல்ல. இந்நிலம் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. அவ்வரசின் கணக்கு பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாய், அணா, பைசாக் கணக்கன்று. 16 காசு சேர்ந்தது 1 சக்கரம். 4 சக்கரம் சேர்ந்தது 1 பணம். 7 பணம் சேர்ந்தது 1 சர்க்கார் ரூபாய். ஆகவே சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். ரூபாய் என்னும் ஒரே சொல்லுக்கு இரு மதிப்பு இருந்தமையால், எந்த ரூபாய் என்று கேட்டுத் தெளிந்த பின்னரே அந்நாளில் கணக்கு முடியும்.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஓர் அரசாக இணைந்தன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டமும் அதனுள் அடங்கிய பாறசாலையும் கேரளத்தில் நின்றன. களியக்காவிளைக்கு இப்பால் ஒரு மாநிலம், அப்பால் ஒரு மாநிலம். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது, அணாவும் விடைபெற்றது. ஆகவே, எட்டே ஆண்டுகளுக்குள் அரசும் எல்லையும் நாணயமும் மாறியதைக் கண்ட தலைமுறையின் சேமிப்பு இப்பெட்டிகளில் உள்ளது. சக்கரம், காசு, அணா, நயா பைசா யாவும் ஒரே பையில் கலந்து கிடப்பதன் காரணம் இதுவே.

எண்ணுவது வேறு, பதிவது வேறு

திருவிதாங்கூரின் பழைய வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. விரலால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவது இயலாத செயல். ஆதலின் சக்கரப் பலகை என்னும் கருவியை அந்நாளில் பயன்படுத்தினர். மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். காசுகளை அதன்மேல் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துவிடும்; மிஞ்சியவற்றை வழித்தெடுத்துவிட்டால், குழிகளின் தொகையே காசுகளின் தொகை. நொடியில் நூற்றுக்கணக்கான காசுகளை எண்ணிவிடலாம்.

கருவூலத்துக்கு அது போதும். அங்கே ஒரு சக்கரம் மற்றொரு சக்கரத்துக்கு ஈடு. ஆனால் சேகரத்தில் ஒரு காசு மற்றொன்றுக்கு ஈடாகாது. எங்கள் பாட்டா எழுதிய துண்டுத்தாள் சக்கரப் பலகையின் வேலையைச் செய்தது. பதிவேட்டின் வேலையைச் செய்யவில்லை.

இவ்வேறுபாட்டை உலகமே அறிந்த நிகழ்ச்சி நெய்யாற்றின்கரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் நடந்தது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளை 2011 ஜூன் மாத இறுதியில் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி திறந்து, உள்ளிருந்த பொருள்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். மூட்டை மூட்டையாகப் பொற்காசுகள் இருந்தன என்ற செய்தியே ஊரெங்கும் பரவியது. மூட்டைக் கணக்கோடு பணி முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே ஆராய்ந்து ஆவணப்படுத்துவதற்கென வல்லுநர் குழுவும் அமைக்கப்பட்டது. அதே கோயிலின் பழைய நடவடிக்கைகளைக் கூறும் மதிலகம் ஓலைகள், சுருணை சுருணையாகக் கட்டப்பட்டு இன்றும் அறிஞர்க்குச் சான்றாக உதவுகின்றன. எழுதி வைத்தவர் மறைந்த பின்னும் பேசுவதே பதிவின் பயன்.

தொகை மட்டும் எழுதுவதால் பங்கீட்டிலும் தவறு நேரும். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். 1939 வரையில் அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. போர்க்காலத்தில், 1940 முதல், வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் வந்த ரூபாயோ நிக்கல். அதில் வெள்ளியே இல்லை. ஆளுக்கு மூன்று ரூபாய் என்று அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டால் பார்ப்பவர்க்கு நியாயமாகவே தோன்றும். ஒருவர் கையில் 1918-ஆம் ஆண்டுக் காசுகளும் மற்றவர் கையில் 1947-ஆம் ஆண்டுக் காசுகளும் இருந்தால் அது நியாயமாகுமா?

மூன்று முறைகள்

பதிவேடு வைப்பதற்கு இன்று மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, தைத்துக் கட்டிய நோட்டுப் புத்தகம். இதன் சிறப்பு, தாளைக் கிழித்தாலோ இடையில் ஒன்றைச் செருகினாலோ தெரிந்துவிடும் என்பது. மின்சாரம் வேண்டா, முதியவரும் எழுதலாம். குறை யாதெனில், காசுகளை வகைப்படி வரிசையாக்க இயலாது. "திருவிதாங்கூர்க் காசுக்குப் பத்துப் பக்கம், பிரிட்டிஷ் காசுக்குப் பத்துப் பக்கம்" என்று ஒதுக்கிவிட்டுப் பின்னர் இடம் போதாமல் திண்டாடுவோர் பலர். இதற்கு அருங்காட்சியகங்கள் கண்ட வழி எளியது: வகையைப் பாராமல், கைக்கு வந்த வரிசையிலேயே 1, 2, 3 என எண் கொடுத்துச் செல்வது. ஒருமுறை ஒரு காசுக்குக் கொடுத்த எண்ணை வேறொரு காசுக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது.

இரண்டாவது, காசுக்கு ஓர் அட்டை. அட்டைகளை ஆட்சிவாரியாகவோ உலோகவாரியாகவோ விருப்பம்போல் மாற்றி அடுக்கலாம். ஆனால் ஓர் அட்டை தொலைந்தால் தொலைந்தது தெரியாது. குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கும், அடிக்கடி வீடு மாறும் குடும்பத்துக்கும் இம்முறை ஏற்றதன்று.

மூன்றாவது, கணினியில் அமைக்கும் அட்டவணை. தேடுவது எளிது, அடுக்குவது எளிது, பாறசாலையில் பதிந்ததை மறுநொடியே துபாயிலுள்ள தம்பி காணலாம், காசின் நிழற்படத்தையும் உடன் சேர்க்கலாம். இதனை நான் குறைத்துக் கூறமாட்டேன். எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் தனித்தனி எழுத்துருக்களில் தமிழைத் தட்டச்சு செய்து வைத்தவர்கள், இன்று அக்கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற குறிகளையே காண்கின்றனர். எழுதியது அழியவில்லை, படிக்க முடியாமற் போயிற்று. ஆகவே ஒருங்குறித் தமிழிலேயே எழுத வேண்டும். கைப்பேசிச் செயலி ஒன்றில் மட்டும் பதிந்து வைப்பதும் துணிச்சலான செயலே. செயலியை நடத்துவோர் கடையைக் கட்டினால் நம் பதிவும் அவர்களோடு போய்விடும்.

இம்மூன்றில் எதனைத் தெரிந்தெடுப்பது? மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் விடை தானே கிடைக்கும். எனக்குப் பின் இதை எழுதப் போகிறவர் யார்? நான் அருகில் இல்லாதபோதும் அவருக்கு இது விளங்குமா? பதிவைப் பார்த்துக் காசையும், காசைப் பார்த்துப் பதிவையும் சில நிமிடங்களில் கண்டுபிடிக்க முடியுமா? இவற்றுக்கு ஆம் என்று விடை கூறும் முறை எதுவாயினும் அது நல்ல முறையே.

எங்கள் குடும்பத்துக்கு நான் தெரிந்தெடுத்தது இரண்டின் சேர்க்கை. ஊரிலே கட்டிய நோட்டு, அதுவே மூலம். அதன் எண்களையே கொண்டு கணினியில் ஓர் அட்டவணை, அது நகல். ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பொங்கல் விடுமுறையில், இரண்டையும் ஒப்பிட்டு, அட்டவணையைத் தாளில் அச்சிட்டு வேறொரு வீட்டில் வைக்கிறோம். நோட்டையும் காசையும் ஒரே பெட்டியில் வைக்கலாகாது. பெட்டி போனால் இரண்டும் போய்விடும்.

ஒரு காசுக்கு எழுத வேண்டியவை

பெட்டியில் மிகுதியாகக் காணப்படும் செம்புக் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பதிவு இவ்வாறு அமையும்:

எண் 17. ஒரு சக்கரம். திருவிதாங்கூர். செம்புக் கலவை. முன்புறம் மன்னரின் உருவம், பின்புறம் சங்கு. ஆண்டு பொறிக்கப்படவில்லை, 1931-இல் ஆட்சிப் பொறுப்பேற்ற சித்திரைத் திருநாள் காலத்தது. சங்கின் மேற்பகுதி தேய்ந்துள்ளது. பாட்டாவின் பெட்டியிலிருந்து வந்தது. இருப்பிடம்: பெட்டி 1, உறை 17.

இத்துடன் எடையையும் விட்டத்தையும் சேர்க்க வேண்டும். நகைக்கடையில் உள்ளது போன்ற சிறு மின்தராசு இருந்தால் கிராமில் இரண்டு பதின்மத் தானம் வரை எழுதலாம். உலகச் சேகரிப்பாளர் பயன்படுத்தும் குரௌசு பட்டியலில் காசின் எண் தெரிந்தால் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகளுக்கு அந்த எண் ஒரு பாலமாக உதவும்.

ஆண்டைப் பற்றி ஒரு குறிப்பு. திருவிதாங்கூர்க் காசுகள் சிலவற்றில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1087 என்று கண்டு, சோழர் காலத்துக் காசு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோர் உண்டு! அது கொல்லம் ஆண்டு. ஆவணித் திங்களில் பிறக்கும் அவ்வாண்டோடு 824-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும்; 825-ஐக் கூட்டினால் முடியும் ஆண்டு. ஆகவே கொல்லம் 1087 என்பது 1911-12. பதிவேட்டில் காசில் உள்ள எண்ணை அவ்வாறே ஓரிடத்திலும், கணக்கிட்ட ஆண்டை மற்றோரிடத்திலும் எழுதுக. ஒன்று கண்ணால் கண்டது. மற்றது நாம் கருதியது. இரண்டையும் கலக்கலாகாது.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்தில் 1951-இல் தோன்றிய தினமலர் நாளிதழின் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், 1980-களின் நடுவில் ஒரு சிறு செப்புக் காசில் பெருவழுதி என்னும் பெயரைத் தமிழ்-பிராமி எழுத்தில் படித்தறிந்தார். சங்ககாலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பதற்கு அது சான்றாயிற்று. அதற்கு முன் அத்தகைய காசு யார் கண்ணிலேனும் பட்டிருந்தால், தேய்ந்த செப்புத்துண்டு என்றே ஒதுக்கியிருக்கக் கூடும். இன்று நமக்கு விளங்காத கோடும் புள்ளியும் நாளை ஒருவருக்கு விளங்கலாம். விளங்காவிடினும் கண்டதைக் கண்டபடி எழுதி வைப்போம். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி அக்கோடுகளை அழித்துவிடாமலும் இருப்போம்.

காசை இனங்காண உதவி வேண்டுவோர், திருவனந்தபுரம் மாவட்டத்து நெடுமங்காட்டில் உள்ள கோயிக்கல் அரண்மனைக்குச் சென்று வரலாம். கேரளத் தொல்லியல் துறை நடத்தும் நாணய அருங்காட்சியகம் 1992 முதல் அங்கே உள்ளது. நம் வீட்டுக் காசின் உடன்பிறப்புகளைப் பெயரோடு அங்கே காணலாம்.

சட்டத்துக்கும் பதிவு வேண்டும்

வெளிநாட்டில் வாழும் அன்பர்கள் இப்பகுதியைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயமும் தொல்பொருளே. அதனைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே கொண்டு செல்லலாகாது. ஆச்சியின் நினைவாக ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு விமானமேறுவது அன்பினால் செய்வதாயினும் குற்றமே. கொல்லம் 1100 என்பது 1924-25. அந்த ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் பொறித்த காசுகள் இன்று நூற்றாண்டைக் கடந்துவிட்டன. எந்தக் காசு இவ்வகைப்பட்டது என்று பதிவேட்டில் ஒரு குறியிட்டு வைத்தால், அறியாமல் தவறுவதற்கு இடமிராது. நிழற்படத்தை எடுத்துச் செல்லலாம். காசு ஊரிலேயே இருக்கட்டும்.

மண்ணைத் தோண்டும்போது காசு கிடைத்தால் அது வேறு செய்தி. புதையலுக்கெனத் தனிச்சட்டங்கள் உள்ளன. கேரளத்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டமும், எல்லைக்கு அப்பால் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும் உண்டு. பரம்பரையாக வந்த காசு எது, மண்ணில் கிடைத்தது எது என்று பதிவேடு கூறுமாயின், பின்னர் எழும் கேள்விகளுக்கு விடை எளிதாகும். "வந்த வழி" என்னும் இடத்தை வெறுமையாக விடலாகாது என்பது இதனாலேயே.

பத்துப் பைசா சொன்ன செய்தி

எங்கள் பெட்டிக்கு நான் பதிவேடு எழுதத் தொடங்கியது, என் தந்தை ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின்னர். நாளொன்றுக்கு ஐந்து காசு என்று வைத்துக்கொண்டு, எடை பார்த்து, இரு புறமும் நோக்கி எழுதி வந்தேன். ஒன்பதாம் நாள் கையில் கிடைத்தது மிகவும் இலேசான ஒரு காசு: வளைவு வளைவான விளிம்புடைய அலுமினியப் பத்துப் பைசா. ஆண்டு என்னும் இடத்தில் 1973 என்று எழுதும்போது என் கை நின்றது.

பாட்டா மறைந்தது 1966-இல். அவர் எண்ணிய 63-இல் 1973-ஆம் ஆண்டுக் காசு இருந்திருக்க இயலாது. பணம் சென்ற இடத்தில் வந்தமர்ந்த காசு இதுவே. 1973-க்கும் 1981-க்கும் இடையில், சாவி ஆச்சியின் இடுப்பை விட்டு அகலாத நாள்களில், அது பெட்டிக்குள் வந்திருக்கிறது. சின்னச் சித்தப்பா கல்லூரியில் சேர்ந்ததும் அந்நாள்களில்தான். கட்டணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அன்று ஒருவரும் ஆச்சியைக் கேட்டிருக்கவில்லை.

முடிந்த முடிபாக இதை நான் கூறவில்லை. ஆனால் இதனைக் கேட்ட பெரியப்பா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அம்மை பாட்டாவின் கணக்குக் குறையக் கூடாதென்று அதை இட்டிருப்பாள்" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை அவர் எங்கள் வீட்டில் உண்டார்.

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்று. பதிவேட்டில் காசு வந்த வழிக்கு மட்டுமன்றி, சென்ற வழிக்கும் ஓர் இடம் வேண்டும். விற்றாலும், கொடுத்தாலும், தொலைத்தாலும் பதிவை அடித்துவிடாமல், நாளும் காரணமும் அதனெதிரே எழுதுக. விற்பது இழுக்கன்று, பிள்ளையின் படிப்புக்கு விற்றது பெருமையே. ஆச்சி ஒரு வரி எழுதியிருந்தால், அல்லது எழுதுவதற்கு ஒரு நோட்டு அவர் கையில் இருந்திருந்தால், இரு சகோதரர் அத்தனை ஆண்டுகள் பிரிந்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் நோட்டில் எண் 45 அந்தப் பத்துப் பைசா. கடைசிப் பதிவாகிய எண் 64-க்கு உறை இல்லை, எடையும் இல்லை. "அனந்தராயன் பணம் ஒன்று. பொன். நாங்கள் நால்வரும் கண்டிருக்கிறோம். இப்போது இல்லை" என்று எழுதி, அதன் கீழ் நால்வரும் கையொப்பமிட்டிருக்கின்றனர்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் ஒரு நோட்டும் பேனாவும் உடன் கொண்டு செல்க. பெட்டியைத் திறந்து காட்டப் பெரியவர்கள் இருக்கும்போதே, முதற் காசை எடுத்து, "இது எப்படி வந்தது?" என்று அவர்களைக் கேட்டு எழுதத் தொடங்குக.